வாசலில் நிற்கிற சுரம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. பிடியரிசிப் பானையைக் கழுவிக் காயவைத்து, உலைக்கு எடுத்த அரிசியிலிருந்து கோயிலுக்கென்று முதல் பிடியைப் போட்டேன். நோட்டில் ஒரு கோடு இழுத்தாயிற்று. ஈஸ்டர் வரை சோறு வடிக்கிற இரண்டு வேளையும், வேளைக்கு ஒரு பிடி.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தில் முறை போட்டார்கள். சீயோன்மணி டீச்சர் ஜனவரியில் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து நாங்கள் ஆள் மாற்றி ஆள் போய்ப் பகலில் துணைக்கு உட்காருகிறோம். எனக்குத் திங்கள், புதன், வெள்ளி. பதினொன்றிலிருந்து மூன்று வரை. நான் கேட்டு வாங்கவில்லை. ஜாய்ஸுக்கு மூட்டுவலி. மற்றவர்களுக்குப் பேரன் பேத்தி. "எமீமாளுக்குத்தான் வீட்டுல ஒரு தொந்தரவும் இல்லையே" என்று என் பெயரை எழுதிவிட்டார்கள்.

டீச்சர் எனக்குப் பாட்டு சொல்லித் தந்தவர்கள். பள்ளியில் மூன்று வருஷம், கோயில் பாடகர் குழுவில் பதினான்கு வருஷம். அதற்காகப் போகிறேன் என்று சொல்ல மாட்டேன். முறை வந்திருக்கிறது, போகிறேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

முருகன்குறிச்சியில் அதே வீடு. முன்னறையில் ஆர்மோனியம் பெட்டியின்மேல் மருந்து டப்பாக்கள். உள்ளறையில் கட்டில். டீச்சருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. மூக்கில் டியூப். இடது கையை ஒரு பழைய வேட்டிக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டிவைத்திருந்தது.

"என்ன இசக்கி, கையைக் கட்டிப் போட்டிருக்க?" என்று கேட்டேன். இசக்கி டீச்சரைப் பார்த்துக்கொள்ள எட்வின் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பெண்.

"அவுத்து விட்டா டியூபைப் பிடிச்சு இழுத்துருதாவக்கா. ரெண்டு மட்டம் ஆச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். எட்வின் அண்ணன்தான் கட்டிரச் சொன்னாவ."

எட்வின் டீச்சரின் ஒரே மகன். ஓசூரில் கம்பெனி வேலை. டீச்சருக்குச் சுற்றி நடப்பது ஒன்றும் விளங்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓசூரிலேயே முதியோரைக் கவனிக்கும் இல்லம் ஒன்றில் இடம் பார்த்திருக்கிறான். பெரிய வெள்ளி லீவுக்கு வருவான். ஈஸ்டர் முடிந்த மறுநாள் கூட்டிப்போவான். வீட்டைப் பூட்டிவிடுவார்கள்.

உடம்பு துடைக்கக் கையை அவிழ்த்தபோது டீச்சர் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிக் காட்டினார்கள். அப்படியே பிடித்திருந்தார்கள்.

"பாத்தியளா? தெனமும் இதான். நான் ஃபேனைப் போடச் சொல்லுதாவன்னு நெனச்சேன். ஜாய்ஸக்காதான் ஆண்டவரு கூப்பிடுதாருன்னு சொல்லிச்சு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வந்தேன். வரும் வழியில் கால் கிலோ கருவாடு பார்த்தேன், லெந்து என்பதால் வாங்கவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் ஜெபம் பண்ண வந்தார்கள். டீச்சர் விரலை மேலே காட்டியதும் ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆயத்தமாயிட்டாவ, பாருங்க" என்றாள். உடனே எல்லாரும் அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டையே எடுத்துவிட்டார்கள். டீச்சர் முகத்தைச் சுளித்தார்கள். வலி என்றாள் ஒருத்தி. ஜாய்ஸ் எடுத்த சுதி மேலே இருந்தது என்று நான் நினைத்தேன்.

ஜாய்ஸைப் பற்றி எழுத வேண்டியது ஒன்றுமில்லை. நல்லவள். 1989 கிறிஸ்துமஸில் நான் பாட இருந்த தனிப்பாட்டை அவள் பாடினாள். என்னை அந்த அட்வெந்தில்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில், டீச்சர் முதல் பார்ட்டிலிருந்து எடுத்து இரண்டாம் பார்ட்டில் நிறுத்தினார்கள். அதாவது மெட்டைப் பாடுகிற வரிசையிலிருந்து, மெட்டுக்குக் கீழே துணைக்குரல் பாடுகிற வரிசைக்கு. என் அப்பா கோயில் மணியடிக்கிறவர். ஜாய்ஸின் அப்பா தலைமையாசிரியர். அதெல்லாம் நான் என்றோ மறந்துவிட்டேன். அன்று ஜாய்ஸ் கட்டியிருந்த நீலத் தாவணியில் வெள்ளை நூலால் பூ வேலை செய்திருந்தது. இடது தோளில் நான்கு பூ.

மார்ச் 3, வெள்ளி

நான் இருக்கும் நான்கு மணி நேரமும் கையை அவிழ்த்துவிட வேண்டும், டியூபுக்கு நான் பொறுப்பு என்று இசக்கியிடம் சொன்னேன். "ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

கை சும்மா இருக்கவில்லை. விதம் விதமாகப் பிடிக்கிறது. எனக்கு எதையும் எழுதி வைக்காவிட்டால் அது நடந்த மாதிரியே இருக்காது. பால் கணக்குப் போடுகிற மாதிரி கட்டம் போட்டு எழுதினேன்:

தட்டைக் கை. தட்டைக் கை. தட்டைக் கை. கட்டைவிரல் கீழே. தட்டைக் கை. சாய்ந்த கை. தட்டைக் கை.

பத்து நிமிஷம் ஓய்வு. பிறகு மறுபடியும்.

மார்ச் 6, திங்கள்

அதே வரிசை. இன்று நான்கு தடவை. ஒன்றுகூட மாறவில்லை. முடிவில் விரல் மேலே.

இசக்கிக்கு இதிலெல்லாம் சந்தேகமே இல்லை. "கட்டைவிரலைக் கீழ காட்டினா கஞ்சி பிடிக்கலன்னு அர்த்தம். கையைத் தட்டையா வச்சா போதும்னு அர்த்தம். டியூப் வழியாத்தான் கஞ்சி போவுது, அதுல ருசி எப்படித் தெரியும்னு கேக்காதிய."

மார்ச் 8, புதன்

இன்று சாயந்திரம் தோசைக்கு மாவு கரைக்கும்போது விளங்கியது. நான் எவ்வளவு பெரிய மடச்சி!

எங்கள் பள்ளியில் பாட்டு வகுப்புக்குப் புத்தகம் கிடையாது. டீச்சர் முன்னால் நின்று, ச ரி க ம மாதிரி ஆங்கிலப் பாட்டுக்குள்ள ஏழு சுரத்தையும் வலது கையால் காட்டுவார்கள். மூடிய கை டோ. சாய்ந்த கை ரே. தட்டைக் கை மீ. கட்டைவிரல் கீழே என்றால் ஃபா. உள்ளங்கை நம்மைப் பார்த்தால் சோ. கை தொங்கினால் லா. ஆள்காட்டி விரல் மேலே நின்றால் டீ. நாற்பது பிள்ளைகளும் கையைப் பார்த்தே பாடுவோம். அது வலது கை. இது இடது கை. கண்ணாடியில் எழுத்தைப் பார்த்த மாதிரி, தெரிந்ததே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

விரலை மேலே காட்டுவது பரலோகம் இல்லை.

வகுப்பு முடிகிற மணி அடித்ததும் டீச்சர் கடைசிச் சுரமான டீயில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். விரல் மேலே நிற்கும். யாராவது ஒரு பிள்ளை கையை மூடி, டோ என்று சுத்தமாகப் பாடினால்தான் எல்லாரும் போகலாம். "டீங்கிறது வாசல்ல நிக்கிற சுரம் பிள்ளைகளா. உள்ள வாங்கன்னு கூப்பிடாம நிக்க வச்சிராதிய" என்பார்கள்.

நாங்கள் ஒன்றரை மாதமாக நிற்க வைத்திருக்கிறோம்.

மாவு பொங்கி வழிந்துவிட்டது. பிடியரிசி இன்று மூன்று பிடி விழுந்திருக்கிறது. கணக்குத் தப்பு. இருக்கட்டும்.

மார்ச் 10, வெள்ளி

விரல் மேலே போனதும் நான் கட்டிலருகே நின்று, கையை மூடி, டோ என்று பாடினேன். குரல் கரகரத்தது.

டீச்சர் கையை இறக்கி மார்பின்மேல் வைத்தார்கள். என்னைப் பார்த்தார்கள். வந்த நாளிலிருந்து இன்றுதான் பார்த்தார்கள். பிறகு தூங்கிவிட்டார்கள். நல்ல தூக்கம்.

மார்ச் 13, திங்கள்

நேற்று ஆராதனைக்குப் பிறகு எங்கள் கீபோர்டு வாசிப்பவரான டேனியல் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். படித்தவர், நல்ல பிள்ளை. நான் எழுதி வைத்த வரிசையை வாசித்துப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார். தெரிந்த மெட்டையெல்லாம் ஒத்துப் பார்த்தார்.

"ஆன்ட்டி, மூணு சுரத்துக்குள்ளயே சுத்துது. இது எந்தப் பாட்டும் இல்ல."

"வரிசை மாறவே மாட்டேங்குதே தம்பி?"

"அம்பது வருஷம் ஆட்டுன கை. நம்ம தூக்கத்துல கொசு அடிக்கோமே, அந்த மாதிரி. மனசு வருத்தப்படாதிய."

எட்வினுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். எட்வின் என்னிடம் பேசினான். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எமீக்கா, எனக்கும் ஆசை இல்லையா? ஆனா ஆசையை நம்பி அம்மாவை அங்கன தனியா விட்டுட்டு நான் இங்க எப்படி இருக்க? போன வாரம் ராத்திரி இசக்கிக்குக் காய்ச்சல். யாரு பாத்தா சொல்லுங்க."



மார்ச் 15, புதன்

போனேன். வந்தேன். பிடியரிசி இரண்டு.

மார்ச் 17, வெள்ளி

இன்றும் அதே வரிசை. நான் எழுதவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது? எலுமிச்சங்காய் உப்பில் போட்டேன், நாற்பது காய். இரண்டு அழுகல்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனையில் எனக்குப் பக்கத்தில் ஜாய்ஸ். இப்போது எங்கள் குழுவில் பார்ட் எல்லாம் கிடையாது. டேனியல் தம்பி வந்த பிறகு எல்லாரும் மெட்டையே பாடுகிறோம். கீபோர்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. நான் மட்டும் பழக்கத்தில் இரண்டாம் பார்ட்டை வாய்க்குள் பாடுவேன்.

வெளியே செருப்புப் போடும்போது ஜாய்ஸ், "நீ என்னட்டி எல்லாப் பாட்டுலயும் கீழ கெடந்து முனங்கிக்கிட்டே இருக்க?" என்றாள்.

"செகண்ட் பார்ட்டு. விட மாட்டேங்குது."

"கொடுத்து வச்சவ. நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா அதுக்கு? எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போயே கேட்டேன். 'சார், ஒங்க பிள்ளைக்குக் குரல் இருக்கு, காது காணாது. சுத்தி நாலு பேரு பாடும்போது தன் இடத்துல நிக்கணும்னா காது வேணும். அது மணியடிக்கிறவரு மகளுக்குத்தான் இருக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டாவ. அப்பா ரெண்டு மாசம் டீச்சர்கிட்டப் பேசல. கடைசியில என்னைச் சமாதானம் பண்ணத்தான் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு குடுத்தாவ. நீ இதெல்லாம் மறந்திருப்ப."

மறந்துவிட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்தேன். படுத்த இடத்தில், முனங்குகிறாய் என்று ஜாய்ஸ் சொன்னதே திரும்பத் திரும்பக் கேட்டது. எழுந்து நோட்டை எடுத்தேன். மீ, மீ, மீ, ஃபா, மீ, ரே, மீ. மூன்று சுரத்துக்குள்ளேயே சுற்றுகிறது, எந்தப் பாட்டும் இல்லை என்று டேனியல் தம்பி சொன்னது சரிதான். மெட்டு இல்லை அது. டீச்சரே மெட்டுப் போட்டு நான்கு பார்ட்டும் எழுதிய ஈஸ்டர் கீதத்தின் இரண்டாம் பார்ட்.

அதைப் பாட இந்தப் பாளையங்கோட்டையில் என்னைத் தவிர ஆள் இல்லை.

வெயில் அதிகம். சாயந்திரம் தண்ணீர் வரவில்லை.

மார்ச் 20, திங்கள்

டீச்சர் கையைத் தூக்கியதும் நான் வார்த்தைகளோடு பாடினேன். முதல் வரி முடிந்தது. கை இரண்டாம் வரிக்குப் போனது. நானும் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. கட்டைவிரல் கீழே. நான் மறுபடியும் பாடினேன். மறுபடியும் கட்டைவிரல் கீழே, இந்தத் தடவை வேகமாக, போர்வையில் குத்துகிற மாதிரி.

ஃபா. நான் மீ பாடிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஃபா.

முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தப்பாகப் பாடியிருக்கிறேன்! யாருக்கும் கேட்கவில்லை. டீச்சருக்கு இன்றுதான் தனியாகக் கேட்கக் கிடைத்திருக்கிறது.

துணியோடு வந்து நின்ற இசக்கி, "டீச்சரம்மா ஏசுதாவளாக்கா?" என்றாள்.

"ஆமா. நல்லா ஏசுதாவ."

"ஏசட்டும், ஏசட்டும். ஏசுனா தெம்பு இருக்குன்னுதானே அர்த்தம்."

தூக்கத்தில் கொசு அடிக்கிற கை, தப்பைப் பிடிக்காது.

மார்ச் 24, வெள்ளி

கேள்வி கேட்டுப் பார்த்தேன். சரி என்றால் டோ, கையை மூடுங்கள். இல்லை என்றால் ஃபா.

தண்ணீர் வேண்டுமா? ஃபா. கால் வலிக்கிறதா? ஃபா. டியூப் உறுத்துகிறதா? டோ. டோ. டோ.

"அதான் இழுத்தியளா?" டோ.

"டாக்டர்ட்ட சொல்லிப் பாப்போம். அதுவரைக்கும் இழுக்கக் கூடாது. சரியா?" முதலில் கை போர்வையைப் பிடித்தது. பிறகு டோ. மனமில்லாத டோ.

எட்வினுக்குப் போனில் சொன்னேன். "நேர்ல வந்து பாக்கேன்க்கா" என்றான். டேனியல் சார் என்ன சொன்னார் என்று கேட்டான். அவருக்கு அந்த பார்ட் தெரியாது என்றேன். வயதான பொம்பளை ஒருத்தி பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

மார்ச் 29, புதன்

இன்று டீச்சரிடம் பேசினேன். இசக்கி கடைக்குப் போயிருந்தாள்.

நான் கல்யாணமாகிப் போன வீட்டில் ஒன்பது பேர். எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள். மாமியார் ஒரு பக்கம், நாத்தனார்மார் ஒரு பக்கம். பிள்ளை இல்லை என்ற பேச்சு எல்லாப் பக்கமும். பத்தாம் வகுப்போடு வந்தவளுக்கு அங்கே எதிர்த்துப் பேசவும் தெரியாது, ஓடிப்போகவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான்கு பேர் நான்கு விதமாகப் பாடும்போது என் சுரத்தை விடாமல் நிற்பது. யார் எங்கே பிசகுகிறார்கள் என்று காதில் வாங்குவது. இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பது. கணக்கு எழுத நானே கற்றேன், தையல் நானே கற்றேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். நிற்பதற்கு யார் கற்றுத் தந்தார்கள் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

"என்னைப் பின்னால தள்ளிட்டியன்னு நெனச்சிக்கிட்டே இருந்துட்டேன் டீச்சர்."

டீச்சர் கையைத் தூக்கினார்கள். ஏதாவது பதில் வரும் என்று பார்த்தேன். மீ, மீ, ஃபா என்று இரண்டாம் வரியைக் காட்டினார்கள். பேசினது போதும், பாடு என்கிற மாதிரி. வகுப்பிலும் இப்படித்தான்.

மார்ச் 31, வெள்ளி

காலை உளுந்து ஆட்டிக்கொண்டே பாடியிருக்கிறேன் போல. என் வீட்டுக்காரர் பேப்பரை மடக்கிவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான்.

"இது என்ன பாட்டு எமீ? எங்கேயோ கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு."

"ஈஸ்டர் கீதம். இது பாதிதான். மீதிப் பாதி நீங்க பாடுவியளே கோயில்ல."

அவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு மெட்டைப் பாடினார்கள். நான் கீழே போனேன். கிரைண்டரை நிறுத்திவிட்டோம். முடிந்ததும், "இத்தன வருசமா இதையா பாடிக்கிட்டு இருந்த? நீ சும்மா வாயசைக்கேன்னுல்லா நெனச்சேன்" என்றார்கள்.

மாவு சரியான பதம்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பவனியில் ஜாய்ஸைப் பிடித்து, ஈஸ்டருக்கு நம் இரண்டு பேரும் பார்ட்டாகப் பாடுவோமா என்று கேட்டேன். "எனக்குக் காது காணாதுட்டி" என்றாள். "நீ ஒன் பாட்டைப் பாடு, காதை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

ஏப்ரல் 5, புதன்

எட்வின் வந்துவிட்டான். முன்தலை நரைத்திருக்கிறது. போனில் அந்த இல்லத்தின் படங்களைக் காட்டினான். சுத்தமாக இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது. அங்கே டீச்சரின் கையை வாசிக்க ஆள் இருக்காது. திங்கள் காலை வண்டி சொல்லியிருக்கிறான்.

"அம்மாவைப் பாரு தம்பி, நான் பாடுதேன்" என்று ஆரம்பித்தேன். டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. கை போர்வையின்மேல் கிடந்தது. இரண்டு தடவை பாடினேன். மூன்றாம் தடவை எட்வின், "விட்டுருங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னான். கட்டுகிற துணியை அவனே எடுத்துக் கட்டினான். முடிச்சுப் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கோயிலில் மும்மணி தியானம். முழு உபவாசம். ஆண்டவரே, உமது சித்தம் என்று ஜெபித்தேன். பாதிதான் மனதார.

ஏப்ரல் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று என் முறை இல்லை. துணிமணி எடுத்துவைக்க உதவி வேண்டும் என்று இசக்கி கூப்பிட்டாள். எட்வின் பெட்டியைத் தரையில் திறந்து வைத்து அம்மாவின் நைட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஆர்மோனியத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டான்.

நகம் வெட்ட இசக்கி கையை அவிழ்த்தாள். டீச்சர் விழித்துக்கொண்டார்கள். அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பார்வை தாண்டிப் போனது. எட்வினிடம் வந்து கண் நின்றது. விரல் மேலே போனது.

"ஆமாம்மா" என்றான் எட்வின். "தெரியுது. ஆண்டவர்தான். ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

விரல் இறங்கவில்லை.

முந்தானைக்குள் என் கை மூடிவிட்டது. டோ தொண்டை வரை வந்துவிட்டது. நான் பாடியிருந்தால் டீச்சர் கையை இறக்கியிருப்பார்கள், எட்வின் அடுத்த நைட்டியை எடுத்திருப்பான். கேள்வி எனக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் மேலேயே நின்றது. பதினேழு எண்ணியிருப்பேன்.

எட்வின் நைட்டியைக் கீழே வைத்தான். "சின்னப் பிள்ளையில…" என்று ஆரம்பித்து நிறுத்தினான். "சோத்துத் தட்டுக்கு முன்னால விரலை இப்படித்தான் வச்சிக்கிட்டு இருப்பாவ. நான் பாடாம சோறு போட மாட்டாவ. எனக்குப் பாட்டே வராதுக்கா. எரிச்சலா வரும்."

சொல்லிக்கொண்டே அவன் கை, அவனுக்குத் தெரியாமலேயே மூடிக்கொண்டது. டோ என்றான். கதவு கிறீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம்.

டீச்சர் விரலை இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்கள்.

"சரியா வரல தம்பி" என்றேன். "சுதி கீழ கெடக்கு. மறுபடி சொல்லச் சொல்லுதாவ."

எட்வின் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கட்டிலருகே வந்து மண்டியிட்டான். மறுபடியும் பாடினான். விரல் அப்படியே. மூன்றாவது தடவை நான் அடிக்குரலில் சுதி காட்டினேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். நாற்பத்தாறு வயது ஆண், டோ என்று.

டீச்சர் கையை மூடினார்கள். மூடிய கையை அவன் தலைமேல் இறக்கி வைத்தார்கள்.

"கேக்குதா அம்மாவுக்கு? நான் தப்பாப் பாடுனது தெரியுதா?" என்று அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"தெரியாம? நீ மட்டும் இல்ல, நானும் முப்பது வருசமா ஒரு ஃபாவைத் தப்பாப் பாடிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

பிறகு அவனாகவே கேட்டான், ஒன்றன்பின் ஒன்றாக. அம்மா, வலிக்குதா? அம்மா, என் மேல கோவமா? ஃபா. ஃபா. ஓசூருக்கு வாரியளா? ஃபா. இங்கேயே இருக்கியளா? டோ.

கட்டில் சட்டத்தில் தொங்கிய துணியை அவிழ்த்து நாலாக மடித்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். இசக்கி வாங்கிக்கொண்டாள். "கொண்டாங்க, அடுப்புத் தொடைக்க ஆவும்."

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. ஈஸ்டர் கீதத்தில் ஜாய்ஸ் மேலே, நான் கீழே. இரண்டாம் வரியில் ஃபா வந்தது. டேனியல் தம்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முடிந்ததும் வந்து, "ஆன்ட்டி, அந்த பார்ட்டை எனக்கு எழுதித் தாங்க" என்றார். எழுதித் தருகிறேன், கணக்கு நோட்டில் இருக்கிறது.

வண்டி வேண்டாம் என்று எட்வின் சொல்லிவிட்டான். மே மாதம் வரை இங்கிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கக் கேட்டிருக்கிறானாம். நாளை டாக்டரிடம் போய் டியூபை எடுக்க முடியுமா என்று கேட்கப்போகிறான். அதற்கப்புறம் என்ன என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ராத்திரித் துணைக்கும் முறை போட்டுக்கொள்வோம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். என் வீட்டு அவர்கள்கூட, "வாசல்ல கட்டில் போட்டு நான் படுத்துக்கிடுதேன்" என்றார்கள்.

பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் டீச்சர் வீட்டில் போய்ப் பாடினோம். ஜாய்ஸ் மெட்டு, என் வீட்டுக்காரரும் மெட்டு, நான் இரண்டாம் பார்ட். மருந்து டப்பாக்களை எடுத்துவிட்டு எட்வின் ஆர்மோனியத்தில் சுதி மட்டும் பிடித்தான். அந்தக் கீதத்தில் கடைசி டீ இரண்டாம் பார்ட்டுக்குத்தான் வரும். மற்ற எல்லாரும் வீட்டுக்குள் போன பிறகும் நான் ஒருத்தி வாசலில் நிற்க வேண்டும். டீச்சரின் விரல் மேலே நின்றது. நானும் நின்றேன். கை மூடியதும் உள்ளே போனேன்.

"ஃபா சரியா வந்துதா டீச்சர்?" என்று கேட்டேன். டோ. எனக்கு மனம் நிறைந்தது. அதற்குள் கை சாய்ந்தது. ரே. மூன்றாம் வரியில் ஒரு ரே சரியில்லையாம்.

பிடியரிசிப் பானையைக் கோயிலில் ஒப்படைத்தேன். கோடுகளை எண்ணியதில் ஒரு பிடி கூடுதலாக இருக்கிறது, மார்ச் 8ஆம் தேதியுடையது.

அடுத்த மாத முறை போட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. இந்தத் தடவை நான் கேட்டு வாங்கினேன்.